வடிகட்டிய தண்ணீரில் கறுப்புத் துகள்: யாரைக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில்தான், அதனால் எத்தனை நாளாக அந்தத் துகள்கள் தண்ணீரில் இருந்தன என்று எனக்குத் தெரியாது. போன மாதம் நாத்தனார் ஊரிலிருந்து வந்திருந்தாள். விருந்தாளிக்கு என்று அலமாரியில் எடுத்து வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வாய்க்கருகில் கொண்டுபோனவள் நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அண்ணி, இதுல என்னமோ மிதக்குதே" என்றாள். பார்த்தால் ரவையைவிடப் பொடியாக நாலைந்து கறுப்புத் துகள்கள். அது ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து பிடித்த தண்ணீர். இரண்டு நாள் முன்புதான் சர்வீஸ் செய்து கார்ட்ரிட்ஜ் எல்லாம் மாற்றியிருந்தோம்.

இது பாதுகாப்பானதா இல்லையா என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. இதே கேள்வியோடு ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சர்வீஸ் செய்த பையனுக்குப் போன் போட்டேன். "கார்பன் மேடம், ஒண்ணும் ஆகாது, குடிங்க" என்று வைத்துவிட்டான். மறுநாள் வேறொருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்துத் தண்ணீரில் விட்டார், 45 என்று காட்டியது, "சூப்பர் தண்ணி, இதைவிட சுத்தமா கிடைக்காது" என்றார். தம்பி, மிதக்கிற துகளைப் பற்றித்தானே கேட்டேன் என்றால் மறுபடியும் அந்த 45-ஐயே காட்டுகிறார். மூன்றாவதாக வந்தவர் புது இயந்திரம் விற்பவர். இரண்டு டம்ளர்கள் வாங்கினார், ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். மின்சாரக் கம்பிகள் வைத்த ஒரு கருவியை இரண்டிலும் விட்டார். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் சேறுபோல் பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகக் கசடு மிதந்தது. "இதைத்தான் உங்க பொண்ணு குடிக்குது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்று இரவு கடையில் கேன் வாங்கிவந்துதான் சமைத்தேன்.

பிறகுதான் என் சித்தப்பா ஞாபகம் வந்தது. அவர் நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அது என்ன துகள்னு அப்புறம் பாக்கலாம்மா. எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாரு."

முதலில் அந்தக் கம்பி விஷயத்தைத் தெளிவுபடுத்தினார். கருவியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து பழுப்புக் கசடாக வெளியே வரும். விற்க வந்தவர் கொண்டுவந்த தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் பாயவில்லை, அதனால் அப்படியே இருந்தது. அந்தக் கசடு தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை, கம்பியிலிருந்து வந்தது. நல்ல ஆற்றுத் தண்ணீரில் விட்டாலும், ஒரு சிட்டிகை உப்பு போட்ட ஆர்.ஓ. தண்ணீரில் விட்டாலும் இதே சேறு வரும். இந்தக் கருவியோடு இன்றும் வீடு வீடாகப் போகிறார்கள், வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் பயந்துபோய்த் தவணையில் இயந்திரம் வாங்குகிறார்கள். இதை உங்கள் பத்திரிகை படம் போட்டு விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டி.டி.எஸ். மீட்டர் கதையும் அதே மாதிரிதான், ஆனால் அது பொய்க் கருவி இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளால் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து ஒரு எண் சொல்லும், அவ்வளவுதான். கரையாமல் மிதக்கும் துகள் அதற்குத் தெரியாது. கிருமி தெரியவே தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, 2012-ல் திருத்தியது, ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு ஏற்கத்தக்கது என்கிறது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரைகூட விடுகிறது. அப்படியிருக்க 45 என்ற எண்ணைக் காட்டிவிட்டு எல்லாம் சரி என்று ஒருவர் கிளம்பிப் போவதை நாம் எப்படி ஏற்றுக்கொள்கிறோம்?

சரி, துகளுக்கு வருகிறேன். எங்கள் இயந்திரத்துக்குள் தண்ணீர் போகும் வரிசையைச் சித்தப்பா ஒரு தாளில் எழுதச் சொன்னார். முதலில் மண்ணையும் துருவையும் பிடிக்கும் வெள்ளைப் பஞ்சு மாதிரியான வடிகட்டி, அடுத்து கரி, அதன்பின் மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு, அதைத் தாண்டியதும் இன்னொரு சின்னக் கரி கார்ட்ரிட்ஜ், கடைசியில் புற ஊதா விளக்கு, தொட்டி, குழாய். மெம்பரேனின் துளைகள் கரைந்த உப்பையே தடுக்கும் அளவு நுண்ணியவை. கண்ணுக்குத் தெரிகிற துகள் ஒன்று அதைத் தாண்டி வர வழியே இல்லை. அப்படியானால் டம்ளரில் மிதக்கும் எதுவும் மெம்பரேனுக்குப் பிறகு சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் மெம்பரேன் கிழிந்திருக்க வேண்டும், அல்லது அதன் வாஷர் சரியாக உட்காராமல் தண்ணீர் பக்கவாட்டில் ஒழுகியிருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. போர் தண்ணீர், லாரித் தண்ணீர், நிலத்தடித் தொட்டி என்று ஊரெல்லாம் தேட வேண்டாம், கடைசி இரண்டு அடிக் குழாயைப் பார்த்தால் போதும்.

ஒரு வெள்ளை வேட்டித் துண்டை நாலாக மடித்து, அதன் வழியாக ஐந்து லிட்டர் பிடித்தேன். துணியில் தங்கியதை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் அடுப்புக்கரி போலப் பொடியாகி விரலில் கறுப்பாக ஒட்டியது. அதுதான் கரி. ரப்பர் வாஷர் அரித்து வரும் துணுக்கு என்றால் இப்படிப் பொடியாகாது, நசுங்கி இழுபடும். மறுநாளும் ஐந்து லிட்டர் பிடித்தேன், துகள் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் துணி வெள்ளையாகவே இருந்தது.

இந்தக் கரி பெரும்பாலும் நம் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, மிகுந்த சூட்டில் நீராவி செலுத்தி, உள்ளுக்குள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாக்கித் தயாரிப்பது. காங்கேயம் பக்கம் போனால் சிரட்டைக் கரிக் களங்களைப் பார்க்கலாம். விஷம் குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் இதே வகைக் கரிதான். நாலு துகள் வயிற்றுக்குள் போனால் ஒன்றும் ஆகாது. புதுக் கார்ட்ரிட்ஜில் பொடி ஒட்டியிருக்கும், முதல் சில லிட்டர்களைப் பிடித்துக் கீழே ஊற்றியிருக்க வேண்டும், அந்தப் பையன் அவசரத்தில் அதைச் செய்யாமல் போய்விட்டான். அவன் சொன்ன பதில் சரிதான். ஆனால் துணியும் பார்க்காமல் துகளும் பார்க்காமல் போனிலேயே சொன்ன பதில் அது. மாற்றி ஒரு மாதம் கழித்தும் கரி வந்துகொண்டே இருந்தால் அது ஓடு விரிசல் விட்ட கார்ட்ரிட்ஜ், உடனே மாற்ற வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை.

எங்கள் அடுக்குமாடியில் 24 வீடுகள். இந்தக் கதையை மாடியில் துணி காயப்போடும்போது சொன்னேன், அப்புறம் பார்த்தால் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. யாரும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

இரண்டாம் மாடி அக்கா வீட்டில் தண்ணீரைச் சூடாக்கினால் வெள்ளைச் செதில்கள். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கச் சொன்னேன், நுரைத்துக் கரைந்துவிட்டது. சுண்ணாம்புச் சத்து, உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில் இவ்வளவு சுண்ணாம்பு எப்படி வரும்? பார்த்தால் தண்ணீர் ருசியாக இருக்கட்டும் என்று யாரோ டி.டி.எஸ். திருகை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதனால் போர் தண்ணீரில் ஒரு பங்கு மெம்பரேனுக்குள் போகாமலேயே வந்து கலந்துகொண்டிருந்தது. செதிலால் ஆபத்தில்லை, அது காட்டிக்கொடுத்த விஷயம்தான் முக்கியம்.

முதல் மாடியில் ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, தேன் நிறத்தில், உருண்டையான மணிகள் குளியலறைக் குழாயில் வந்தன. மீன் முட்டையோ பூச்சி முட்டையோ என்று அவர்கள் பயந்து ஒரு வாரம் குளிக்கவே கேன் தண்ணீர் வாங்கியிருக்கிறார்கள். அவை நம் கட்டடத்தின் சாஃப்ட்னரில், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவியில், இருக்கும் ரெசின் மணிகள். உள்ளே வடிகட்டி உடைந்தால் குழாய்க்கு வந்துவிடும். உடனடியாக ஆபத்தில்லை, ஆனால் சங்கம் அன்றைக்கே சரிசெய்ய வேண்டிய வேலை.

தரைத்தளத்தில் துகள் எதுவும் இல்லை, இயந்திரக் குழாய் வாயில் விரல் விட்டால் வழுவழுவென்று ரோஸ் நிறத்தில் ஒரு படலம். அதைத்தான் சித்தப்பா கேட்டவுடன் "மொதல்ல அதைச் சுத்தம் பண்ணச் சொல்லு" என்றார். வழுவழுப்பு என்றால் கிருமிகள் கூட்டமாக ஒட்டி வளர்ந்த படலம். ரோஸ் நிறக் கிருமி திடமான உடம்புக்காரர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் அந்த வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு பெரியம்மா இருக்கிறார். கரித் துகளைப் பார்த்து அலறிய எங்களில் ஒருவரும் இந்தப் படலத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

கரி வடிகட்டிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. தண்ணீரில் உள்ள குளோரினை அது நீக்கிவிடும், அதனால்தான் மருந்து வாசனை போய்விடுகிறது. குளோரின் போனால் காவலும் போனது. அதற்குப் பிறகு தொட்டியில் நாலு நாள் தேங்கிய தண்ணீரில் கிருமி வளர்ந்தால் தடுக்க ஆளில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தால் தொட்டியை முழுக்க இறக்கிவிட்டு, புதிதாக நிரம்பிய பிறகே குடிக்க வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் போய்விட்டு வந்து, பயணக் களைப்பில் நேராகப் போய் அந்தத் தண்ணீரைத்தான் என் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அப்படியென்றால் துகள் என்றாலே பயப்பட வேண்டாம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. துகளுக்கு வேறொரு கெட்ட வேலை உண்டு. புற ஊதா விளக்கின் ஒளி பட்டால்தான் கிருமி சாகும், கலங்கல் தண்ணீரில் துகளின் நிழலில் ஒதுங்கிய கிருமி தப்பித்துவிடும். குளோரினுக்கும் அப்படித்தான். அதனால்தான் நம் தர நிர்ணயத்தில் கலங்கலை அளக்கும் அலகான என்.டி.யு.-வில் 1 என்று அவ்வளவு குறைவாக வைத்திருக்கிறார்கள். என் அம்மா குடத்தின் வாயில் வேட்டித் துணி கட்டித்தான் தண்ணீர் பிடிப்பாள், பழைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். வங்கதேசத்தில் மத்லப் என்ற பகுதியில் 65 கிராமங்களை வைத்து நடத்திய ஆய்வில், பழைய சேலைத் துணியை மடித்து வடிகட்டிக் குடித்தவர்களிடம் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-ல் முடிவு வெளியாகியிருக்கிறது. துணியின் துளையில் காலராக் கிருமி எளிதாகப் புகுந்துவிடும், ஆனால் அது ஒட்டிக்கொண்டு வாழும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகள் துணியில் தங்கிவிடுகின்றன. பாதிதான் குறைந்தது, மீதிக்குக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும், தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம். ஆனால் கொதிக்க வைத்தால் உப்பும் போகாது, துகளும் போகாது. ஒவ்வொன்றும் ஒரு வேலைதான் செய்யும்.

திடீரென்று குழாய்த் தண்ணீர் பழுப்பாக, சாக்கடை வாடையோடு வந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், குடிப்பதை உடனே நிறுத்திவிட்டுப் புகார் கொடுக்க வேண்டும். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் நம் தெருக்களில், குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் விரிசல் வழியாக வெளியே உள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி இழுப்பவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள், எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகள் அப்படிச் செய்கின்றன.

கடைசியில் கிருமிப் பரிசோதனையும் செய்துவிடுவது என்று மூன்று வீடுகள் சேர்ந்து முடிவு செய்தோம். எங்கள் வீட்டுத் தண்ணீர், தரைத்தள வீட்டுத் தண்ணீர், கேன் வாங்கும் எதிர்வீட்டுத் தண்ணீர். இதற்குப் பழைய பெப்சி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. கிருமி நீக்கிய பாட்டிலைப் பரிசோதனைக்கூடத்தில் வாங்கி, குழாய் வாயைச் சுத்தம் செய்து, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, உட்புறம் கை படாமல் பிடித்து, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே சேர்க்க வேண்டும். மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலி கிருமி 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி.

கரித் துகள் மிதந்த எங்கள் தண்ணீரில் ஒன்றுமில்லை. தரைத்தளத்தில் அதற்குள் இயந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து தொட்டியையும் மாற்றியிருந்தார்கள், அங்கும் இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்த எதிர்வீட்டுக் கேன் தண்ணீரில் கோலிஃபார்ம் (ஈ.கோலி அடங்கிய குடும்பம்) கிருமிகள் இருந்தன. அவர் கொதித்துப்போய்க் கேன்காரரோடு சண்டைக்குக் கிளம்பினார். சித்தப்பா தடுத்து, மூடியைப் பிரிக்காத கேனிலிருந்து நேராக ஒரு மாதிரி எடுக்கச் சொன்னார். அதில் இல்லை. குற்றவாளி கேனைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சர். வாங்கி இரண்டு வருடமாகிறது, ஒருமுறைகூட உள்ளே கழுவியதில்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, பலமுறை அலசிய பிறகு எடுத்த மாதிரியில் கிருமி இல்லை. அந்த வீட்டில் யாரும் ஒரு துகளையும் பார்த்ததில்லை, அதனால் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

சாதாரண வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பரிசோதனை ஏன் இவ்வளவு தூரமான விஷயமாக இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். இல்லாதவர்கள் யாரைக் கேட்பார்கள்? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன, பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். எங்கள் 24 வீடுகளில் இது தெரிந்திருந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. ஆனால் இயந்திரம் விற்பவர்களின் போன் நம்பர் எல்லா வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒட்டியிருக்கிறது.

அதனால் மூன்று கோரிக்கைகள். இயந்திரம் விற்கும் நிறுவனங்கள், கார்ட்ரிட்ஜ் மாற்றியதும் எத்தனை லிட்டர் கீழே ஊற்ற வேண்டும், எந்த நிறத் துகள் எதைக் காட்டும் என்பதைத் தமிழில் ஒரு அட்டையில் அச்சிட்டு இயந்திரத்தின் மேலேயே ஒட்ட வேண்டும். சர்வீஸுக்கு வருபவர்களுக்கும் அந்த அட்டையில் உள்ளதாவது தெரிந்திருக்க வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்கள், தொட்டி கழுவிய தேதியையும் கடைசியாகக் கிருமிப் பரிசோதனை செய்த முடிவையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும், எங்கள் சங்கம் சம்மதித்து முதல் தாளை ஒட்டிவிட்டது.

மூன்றாவது உங்களிடம். வாரம் ஒரு மாவட்டமாக, தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தின் முகவரி, போன் எண், வேலை நேரம், கட்டணம், பாட்டில் எங்கே வாங்குவது என்பதை மட்டும் ஒரு சின்னக் கட்டத்தில் வெளியிடுங்கள். ராசிபலன் பக்கத்தில் கால் பகுதி இடம் போதும். கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்கிற அளவில் இருந்தால் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகி,
மேடவாக்கம், சென்னை.